அண்ணனுக்காக நின்னான், அப்புறம் நிக்காமப் போனான்: தம்பி செஞ்சது தப்பா?

பாலத்தடி · ஞாயிறு இரவு 8:40

காலையில வராதவங்களுக்காக விஷயத்தை முதல்ல சொல்லிடுறேன். மண்டபத்துல கிளம்பி அரிச்சல்முனை வரைக்கும் வருஷா வருஷம் நாமளே வச்சுக்கிற சைக்கிள் ஓட்டம், சுமார் 40 கி.மீ. குழுவுக்கு நாலு பேரு. பரிசு முதல் மூணு ஆளுக்கு. நம்ம குழுவுல முந்தின நாள் ராத்திரி டீக்கடையில பேசி முடிச்சது: இந்த வருஷம் கேப்டன் அண்ணனை ஜெயிக்க வைக்கிறது. முட்டி விடமாட்டேங்குது, இதோட போதும்னு அவரே சொல்லிட்டாரு.

பாம்பன் பாலம் தாண்டி ராமேஸ்வரம் வரைக்கும் எல்லாம் ஒழுங்குதான். முகுந்தராயர் சத்திரத்துக்கு அங்கிட்டு கச்சான் காத்து வலப்பக்கத்துல இருந்து அறைய ஆரம்பிச்சுச்சு. ஆண்கடல் (மன்னார் வளைகுடா) பக்கத்து மணல் அப்படியே ரோட்டைக் குறுக்க நெளிஞ்சு ஓடி பெண்கடல் (பாக் நீரிணை) பக்கம் விழுது. செயின்ல நரநரன்னு சத்தம். ஒரு மணல் திட்டுல ஒருத்தர் தடுமாற, கூட்டம் ரெண்டாக் கிழிஞ்சு போச்சு. முன்னால ஆறு பேரு, அதுல நம்ம தங்கச்சிமடம் தம்பி. அண்ணன் பின்னால மாட்டிக்கிட்டாரு.

பைக்ல கூட வந்த நம்மாளு முன்னால போயி, "அண்ணன் அரை நிமிஷம்தான் பின்னால, நீ இழுக்காத"ன்னு தம்பிகிட்டச் சொன்னாரு. தம்பியும் முன்னால நின்னு காத்தை வாங்கி இழுக்கிறதை விட்டுட்டு வரிசையில கடைசியா ஒட்டிக்கிட்டான். அந்த நேரம் பார்த்து தொண்டிக்காரர் ஒருத்தர் கழண்டு முன்னால போயிட்டாரு. தம்பி துரத்தலை. திரும்பித் திரும்பிப் பார்த்தான், அண்ணனைக் காணோம். கடைசி நாலு கிலோமீட்டர் இருக்கையில சீட்டை விட்டு எந்திரிச்சு அடிச்சான் பாருங்க ஒரு அடி. தொண்டிக்காரருக்கு 11 செகண்ட் பின்னால ரெண்டாவதா வந்தான். அண்ணன் வந்து சேர மூணு நிமிஷம் ஆச்சு. வந்தவரு தம்பி நீட்டுன தண்ணி பாட்டிலை வாங்கலை.

இப்ப குழுவே ரெண்டு பட்டு நிக்குது. இங்கேயே பேசி முடிச்சுருவோம். டூர் டி பிரான்ஸ் பார்க்கிற ஆளுக நிறைய இருக்கீங்க. இனோ, லெமாண்ட் சண்டையெல்லாம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.


மண்டபம் மாப்ள · 8:52

இதுல பேச என்ன இருக்கு? காலு இருக்கிறவன் போனான். இன்னும் சொல்லப்போனா ரெண்டு கிலோமீட்டர் முன்னாடியே போயிருக்கணும். நிக்கச் சொன்னதாலதான் முதல் பரிசு தொண்டிக்குப் போச்சு. கோவப்பட வேண்டியது தம்பி.


கியரில்லாதவன் · 8:55

நம்ம ஜில்லாவுல மலைன்னா பாம்பன் பாலம்தான். கந்தமாதன பர்வதம்னு பேரு மட்டும் இருக்கு, ஏறிப் பார்த்தா மணல்மேடு. இதுல நாம ஆல்ப்ஸ் மலைச் சண்டையைப் பேசுறோம். நடத்துங்க நடத்துங்க.


கீழக்கரை காக்கா · 9:20

மாப்ள தம்பி, காலு இருக்கிறவன் போறதுன்னா அதுக்குக் குழு எதுக்கு? தனித்தனியா நேரம் குறிச்சு ஓட்டிட்டுப் போகலாமே.

நான் துபாய்ல கடையில நின்ன காலத்துல, ராத்திரி வியாபாரம் முடிஞ்சு டிவியில இதைப் பார்த்துப் பழகுனவன். புதுசா வந்தவங்களுக்கு ஒரே ஒரு சங்கதி சொல்றேன். முன்னால போறவன் முதுகுக்குப் பின்னால ஒட்டிக்கிட்டுப் போனா, அதே வேகத்துக்கு நமக்கு மூணுல ஒரு பங்கு பலம் மிச்சம். நாலு மணி, அஞ்சு மணி நேர ஓட்டத்துல இந்த மிச்சம்தான் ஜெயிக்கிறதும் தோக்கிறதும். ஒருத்தன் காத்தைத் தின்னாத்தான் இன்னொருத்தன் கடைசி மலையில நிக்க முடியும். பல நாள் ஓடி மொத்த நேரத்தைக் கூட்டிப் பார்க்கிற டூருக்கு ஒரு அணிக்கு இப்ப எட்டுப் பேரு. அதுல ஏழு பேரு காத்தைத் தின்னவே வந்தவங்க. பிரெஞ்சுல அவங்களுக்கு டொமெஸ்டிக்னு பேரு, வீட்டு வேலைக்காரன்னு அர்த்தம். தண்ணி எடுத்து வருவான், மழைக்கோட்டைக் கொண்டு போவான், சக்கரம் போனா தன் சக்கரத்தைக் கழட்டிக் கொடுப்பான்.

சக்கரம்னதும் ஞாபகம் வருது. 1934ல ரெனே வியத்தோன்னு 20 வயசுப் பையன். அவனுக்கு அதுதான் முதல் டூர். மலையில பறக்கிறான், ஊரே அவனைத்தான் பேசுது. பிரெஞ்சு அணிக்குத் தலைவர் ஆந்தோனன் மாஞ். பிரனீஸ் மலை இறக்கத்துல மாஞ்சோட சக்கரம் போச்சு. பையன் தன் முன்சக்கரத்தைக் கொடுத்துட்டு, ரோட்டோரக் கல்சுவர்ல உக்காந்து அழுதான். மறுநாள் மறுபடியும் மாஞ்சுக்குப் பழுது. முன்னால போயிட்ட பையன் வண்டியைத் திருப்பிக்கிட்டு, வர்றவங்களுக்கு எதிரா மலையேறி வந்து சைக்கிளையே கொடுத்தான். மாஞ் அந்த டூரை ஜெயிச்சாரு. 90 வருஷம் ஆச்சு, சுவர்ல உக்காந்த அந்தப் பையன் போட்டோவை இன்னும் எடுத்து எடுத்துப் போடுறாங்க.

நம்ம தம்பி நல்ல பையன். ஆனா டீக்கடையில தலையாட்டுனான்ல?


மண்டபம் மாப்ள · 9:31

காக்கா, அந்த போட்டோவுல உங்களுக்குத் தியாகம் தெரியுது. எனக்குப் புகார் மனு தெரியுது. சந்தோஷமாக் கொடுத்தவன் எதுக்கு அழுவுறான்? வியத்தோ கடைசி வரைக்கும் டூரை ஜெயிக்கவே இல்ல. அதையும் சேர்த்துச் சொல்லுங்க.

அப்புறம் வாக்கு வாக்குங்கிறீங்களே, வாக்கை உடைக்கிறது எப்பவும் சின்னவன்தானா? 1985ல பெர்னார்ட் இனோ, கிரெக் லெமாண்ட் ரெண்டு பேரும் லா வீ க்ளேர்னு ஒரே அணி. இனோ, மொத்தக் கணக்குல முதல்ல நிக்கிறவரு போடுற மஞ்சள் பனியன்ல இருக்காரு, விழுந்து மூக்கு உடைஞ்சு மலையில திணறுறாரு. லெமாண்ட் முன்னால ஸ்டீபன் ரோஷ் கூடப் போயிக்கிட்டு இருக்காரு. போனா டூரே கையில. அணி வண்டி பக்கத்துல வந்து, "இனோ கிட்டத்துலதான் வர்றாரு, நீ இழுக்காத"ங்குது. நிக்க வச்சுட்டாங்க. முடிவுக் கோட்டைத் தாண்டின பிறகுதான் தெரியுது, இனோ சொன்னதைவிட ரொம்பப் பின்னால இருந்திருக்காரு. கடைசிக் கணக்குல லெமாண்ட் தோத்தது 1 நிமிஷம் 42 செகண்ட்.

"அடுத்த வருஷம் உனக்கு நான் உழைக்கிறேன்"னு இனோ எல்லார் முன்னாடியும் சொன்னாரு. அடுத்த வருஷம் என்ன செஞ்சாரு? பிரனீஸ்ல பாவ் ஊருக்குப் போற அன்னைக்கு வேற அணி டெல்காடோவைக் கூட்டிக்கிட்டு ஓடிப் போயி, லெமாண்ட் மேல நாலரை நிமிஷத்துக்கு மேல எடுத்துட்டாரு. துரத்துனா சொந்த அணித் தலைவரைத் துரத்துன பழி, துரத்தலைன்னா டூர் போச்சு. லெமாண்ட் என்ன செய்வாரு, பல்லைக் கடிச்சுக்கிட்டு வந்தாரு. இதுல யாரு துரோகி காக்கா?


பாலத்தடி · 9:35

"கிட்டத்துலதான் வர்றாரு, இழுக்காத." இதை இன்னைக்குக் காலையிலயும் கேட்டேன்.


கீழக்கரை காக்கா · 9:58

இனோ கதையைப் பாதியில நிறுத்திட்ட. பாவ் ஊருக்கு மறுநாளும் இனோ தனியாப் பாஞ்சாரு. அஞ்சு நிமிஷத்துக்கு மேல கையில வச்சுக்கிட்டு எதுக்கு மறுபடி? பேராசைன்னு நீ சொல்லுவ. கடைசி ஏத்தத்துல பலம் தீர்ந்து எரிஞ்சு போனாரு. லெமாண்ட் அன்னைக்கு ஜெயிச்சு வித்தியாசத்தை 40 செகண்டாக் குறைச்சாரு. அப்புறம் ஆல்ப்ஸ்ல மஞ்சள் பனியனும் லெமாண்டுக்கு வந்துருச்சு. ஆல்ப் துவேஸ் உச்சியில ரெண்டு பேரும் கையைக் கோத்துக்கிட்டே கோட்டைத் தாண்டுனாங்க. டூரை ஜெயிச்சது லெமாண்ட், 3 நிமிஷம் 10 செகண்ட் வித்தியாசத்துல. ரெண்டாவது இனோ. "நான் பாஞ்சு பாஞ்சு மத்த அணிக்காரங்களை ஓட வச்சுக் களைக்க வச்சேன், அதுவும் உதவிதான்"னு இனோ சொன்னாரு. அதை நான் முழுசா நம்பலை. ஆனா அந்தத் தள்ளுமுள்ளுல மத்த அணிக்காரன் எவனும் கிட்ட வர முடியலைங்கிறது நிஜம்.

அஞ்சு டூர் ஜெயிச்ச ஆளு. ஆறு ஜெயிச்சவன் உலகத்துலயே கிடையாது. ஒருபக்கம் பிரெஞ்சு ஜனம் முழுக்க அவரு பேரைச் சொல்லிக் கத்துது, மறுபக்கம் கொடுத்த வாக்கு. மனுஷன் ஆடத்தான் செய்வான்.


மண்டபம் மாப்ள · 10:03

இனோ ஆடுனா மனுஷன். தங்கச்சிமடத்துப் பையன் ஆடுனா துரோகி. நல்லா இருக்கு காக்கா உங்க தராசு.


கியரில்லாதவன் · 10:06

செத்தேன் 😂


உச்சிப்புளி ஓட்டம் · 10:30

நானும் காலையில ஓட்டுனேன், பின்னால கிழிஞ்ச கூட்டத்துல. நீங்க எல்லாரும் மனசைப் பத்தியே பேசிக்கிட்டு இருக்கீங்க. நான் காத்தைப் பத்திச் சொல்றேன்.

வலப்பக்கக் காத்துல நேர் பின்னால ஒட்டுனா மறைவு கிடைக்காது. முன்னால போறவரு ரோட்டு வல ஓரத்துல, அடுத்தவரு அவருக்கு இடப்பக்கம் அரைவண்டி பின்னால, அதுக்கடுத்தவரு இன்னும் இடப்பக்கம். இப்படிச் சாய்வா விசிறி மாதிரி விரிஞ்சுதான் போகணும். ரோடு எம்புட்டு அகலமோ அம்புட்டுப் பேருக்குத்தான் மறைவு. நம்ம தனுஷ்கோடி ரோட்டுல ஏழு பேரு, மிஞ்சிப்போனா எட்டு. ஒன்பதாவது ஆளு இடது ஓரத்து மணல்ல, காத்துல மொட்டையா நிப்பாரு. அண்ணன் அந்த ஒன்பதாவது ஆளு. அவருக்குக் காலு இல்லைன்னு இல்ல, மணல் திட்டு வர்றப்ப அஞ்சு இடம் பின்னால இருந்தாரு, அம்புட்டுதான்.

2009 டூர்ல இதே கதை நடந்திருக்கு. லா கிராந்த் மோத், அதுவும் கடலோர ஊருதான். காத்துல கூட்டம் கிழிஞ்சது. அஸ்தானா அணியில முன்னால மாட்டுனது ஆம்ஸ்ட்ராங், பின்னால நின்னது கொன்டடோர். முன்னால இருந்த ரெண்டு அஸ்தானாக்காரங்க ஆம்ஸ்ட்ராங்குக்காக இழுத்தாங்க. சொந்த அணிக்காரனே பின்னால இருக்கையில இழுக்கலாமா? கொன்டடோருக்கு 41 செகண்ட் போச்சு. ஆனாலும் அந்த டூரை அவருதான் ஜெயிச்சாரு. ஆம்ஸ்ட்ராங்குக்குக் கிடைச்ச மூணாவது இடத்தை ஊக்கமருந்து விவகாரத்துல பின்னாடி பிடுங்கிட்டாங்க.

இன்னொண்ணு, பொம்பளைங்க பந்தயம் யாரும் பார்க்கிறதில்ல போல. 2024 பெண்கள் டூர்ல டெமி வொல்லரிங் மஞ்சள் பனியன்ல இருக்கா. அஞ்சாவது நாள், கோட்டுக்குக் கொஞ்ச தூரத்துல விழுந்துட்டா. இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சு ஓட்டுறா. அன்னைக்கு ஜெயிச்சது யாரு தெரியுமா? அவ அணிக்காரி பிளாங்கா வாஸ். தலைவி ரோட்டுல கிடக்கா, அணிக்காரி முன்னால கையைத் தூக்குறா. ரேடியோவுல சேதி ஒழுங்கா வரலைன்னு அப்புறம் பேச்சு வந்துச்சு. வொல்லரிங் கடைசி நாள் ஆல்ப் துவேஸ்ல முதலாவது வந்தும் டூர் போச்சு. எம்புட்டுல? 4 செகண்ட். 1989ல லெமாண்ட் 8 செகண்ட்ல ஜெயிச்சதை இன்னும் வாய் பிளந்து பேசுறோம், இது அதுல பாதி.

என் கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். காலையில "அரை நிமிஷம்"னு சொன்னது யாரு கணக்கு? நான் அண்ணன் கூடவே வந்தேன். சத்திரத்துல இருந்து ரெண்டு வளைவு தாண்டுறப்பவே முன்னால போனவங்க புள்ளியாத் தெரிஞ்சாங்க. அது அரை நிமிஷம் கிடையாது. ஒண்ணரை நிமிஷத்துக்குக் குறையாது.


பாலத்தடி · 10:41

அக்கா சொல்றது சரியா இருந்தா பேச்சே மாறுது. பைக்ல வந்தவரு இந்தக் குழுவுல இருக்காரு. படிச்சுக்கிட்டுத்தான் இருக்காரு, பச்சை விளக்கு எரியுது. வாயைத் திறக்கலாம்.


சம்மாட்டி மகன் · 11:02

எனக்கு சைக்கிள் பந்தயம் அவ்வளவாத் தெரியாது, பையன் ஓட்டுறான்னு குழுவுல சேர்ந்தேன். எங்க ஐயா கரைவலை போட்டவரு. அதை வச்சுச் சொல்றேன்.

வலையை அரை வட்டமா வளைச்சு விட்டுட்டு ரெண்டு கயித்தையும் ரெண்டு பக்கமா நின்னு இழுப்பாக. நடுவுல மடி. ஒரு பக்கம் இருபது பேரு, மறுபக்கம் இருபது பேரு. ஒரு பக்கத்துக்காரன் தெம்பு இருக்குன்னு வெரசா இழுத்தான்னு வச்சுக்கங்க, மடி கோணிக்கும், மீனு எல்லாம் அங்கிட்டுத் தப்பிச்சுப் போயிரும். அதுக்குத்தான் அம்பா பாடுறது. பாட்டு எந்த வேகமோ இழுப்பும் அந்த வேகம். பாடுறவரு ரெண்டு பக்கத்தையும் பார்த்துக்கிட்டே பாடுவாரு. அவரு ஒரு பக்கத்தைப் பார்க்காமப் பாடுனா, இழுக்கிறவனைக் குத்தம் சொல்ல முடியுமா?

மீனு தப்பிச்ச அன்னைக்கு எங்க ஐயா யாரையும் திட்டமாட்டாக. வலையை உதறிக் காயப் போட்டுட்டு ரெண்டு பக்கத்து ஆளையும் உக்கார வச்சு, "எந்த இடத்துல கயிறு தளந்துச்சு?"ன்னு மட்டும் கேப்பாக.


கியரில்லாதவன் · 11:09

எங்க பக்கம் மாட்டுவண்டிப் பந்தயம். இடத்தை மாடும் வலத்தை மாடும் ஒரே நுகத்தடியில. ஒண்ணு ஜெயிச்சு இன்னொண்ணு தோத்ததா சரித்திரமே இல்ல. சைக்கிளுக்கும் நுகத்தடி கண்டுபிடிங்கப்பா, சண்டை தீர்ந்துரும்.


மண்டபம் மாப்ள · 11:20

நுகத்தடி போட்டுத்தான் 2012 டூர்ல ஃப்ரூமை ஓட்டுனாங்க. ஸ்கை அணி. தலைவர் விக்கின்ஸ் மஞ்சள் பனியன்ல. லா துசுயீர் ஏத்தத்துல ஃப்ரூம் ஒரு பாய்ச்சல் பாஞ்சாரு, விக்கின்ஸால ஒட்ட முடியலை. ரேடியோவுல என்னமோ சொன்னாங்க, ஃப்ரூம் காதைப் பிடிச்சுக்கிட்டே வேகத்தைக் குறைச்சாரு. சில நாள் கழிச்சு பெரகூட் ஏத்தத்துல இன்னும் மோசம். முன்னால வல்வெர்டே தனியாப் போறாரு, எட்டிப் பிடிக்கிற தூரம். ஃப்ரூம் திரும்பித் திரும்பி விக்கின்ஸைப் பார்க்கிறாரு, வா வான்னு கையைக் காட்டுறாரு. அன்னைக்கு வல்வெர்டே ஜெயிச்சுட்டாரு. காலையில தம்பி திரும்பித் திரும்பிப் பார்த்த வீடியோ வந்துச்சுல்ல? அச்சு அசல் அதே கழுத்துதான். நான் பத்து தடவை பார்த்துட்டேன்.

அதுக்கு முந்தின வருஷம், டூர் மாதிரியே ஸ்பெயின்ல நடக்கிற வுவெல்ட்டா. அங்கயும் ஃப்ரூம் விக்கின்ஸுக்கு உழைச்சாரு. கடைசியில ஃப்ரூம் ரெண்டாவது, விக்கின்ஸ் மூணாவது. முதலிடம் கோபோன்னு ஒருத்தருக்கு, 13 செகண்ட்ல. விக்கின்ஸுக்காகக் காத்தைத் தின்ன நாள்ல ஒரு நாள் மிச்சம் இருந்திருந்தாக் கூட அந்த 13 செகண்ட் வந்திருக்கும். 2019ல கோபோவை ஊக்கமருந்துல பிடிச்சு பட்டத்தை ஃப்ரூமுக்கு மாத்தி எழுதுனாங்க. எட்டு வருஷம் கழிச்சு. மேடை கிடையாது, கைதட்டல் கிடையாது, தபால்ல வர்ற கோப்பை. அண்ணனுக்கு நின்ன பலன்.


கீழக்கரை காக்கா · 11:44

2012ஐ நீ சொல்ற மாதிரியே வச்சுக்க. ஆனா முதல் ரோட்டு நாள்லயே ஃப்ரூமுக்குச் சக்கரம் பஞ்சராகி ஒண்ணரை நிமிஷம் கிட்டப் போயிருச்சு. கடைசியில ஜெயிச்ச விக்கின்ஸுக்கும் ரெண்டாவது வந்த ஃப்ரூமுக்கும் இருந்த 3 நிமிஷம் 21 செகண்ட் வித்தியாசத்துல அதுவும் ஒரு பகுதி. நீளமான தனி நேர ஓட்டம் ரெண்டுலயும் விக்கின்ஸ்தான் முதலிடம். மலையை மட்டும் பார்த்துட்டுத் தீர்ப்பு எழுதக்கூடாது. அடுத்த வருஷமே ஃப்ரூம் தலைவரா வந்து ஜெயிச்சாருல்ல? வரிசையில நின்னவனுக்கு முறை வந்துச்சு.

நீ ரோஷைச் சொல்லுவன்னு எதிர்பார்த்தேன். சொல்லலை. 1987, டூர் மாதிரியே இத்தாலியில நடக்கிற ஜீரோ. கரேரா அணி. முந்தின வருஷம் ஜெயிச்ச விசென்டினிதான் தலைவர், அங்க முதலிடத்துக்கு உண்டான பிங்க் பனியனும் அவருகிட்ட. சப்பாடா ஊருக்குப் போற அன்னைக்கு ரோஷ் இறக்கத்துல பாஞ்சு போயிட்டாரு. அணி வண்டி வந்து நில்லுன்னுச்சு, நிக்கலை. அப்புறம் நடந்தது உலகத்துல நடக்காத கூத்து: சொந்த அணியே சொந்த ஆளைத் துரத்துச்சு. விசென்டினி எரிஞ்சு போயிப் பல நிமிஷம் விட்டாரு, பனியன் ரோஷுக்கு. அதுக்கப்புறம் ரோட்டோரத்துல இத்தாலிக்காரங்க ரோஷ் மேல துப்புனாங்க. அணியில அவரு பக்கம் நின்னது பெல்ஜியத்து ஷெப்பர்ஸ் ஒருத்தர்தான். வேற அணியில இருந்த ராபர்ட் மில்லர் ஒரு பக்கம், ஷெப்பர்ஸ் ஒரு பக்கம் காவல் மாதிரி ஒட்டிக்கிட்டு ஓட்டுனாங்க. ரோஷ் அந்த வருஷம் ஜீரோ, டூர், உலகப் பட்டம் மூணும் ஜெயிச்சாரு.

இது உன் கட்சிக்குச் சாதகமான கதை. நானே எடுத்துக் கொடுக்கிறேன். ஆனா விசென்டினி பக்கம் நின்னு ஒரு தடவை பாரு. அவருக்கு முதுகுல குத்துனது மில்லர் இல்ல, வேற அணிக்காரன் யாரும் இல்ல. முந்தின நாள் ராத்திரி ஒரே மேசையில சோறு தின்னவன். நம்ம அண்ணன் தண்ணி வாங்கலைன்னு எல்லாரும் பேசுறீங்க. வாங்குற மனசு அந்த நிமிஷத்துல வருமா?


மண்டபம் மாப்ள · 11:51

இதுக்கு எங்கிட்டப் பதில் இருக்கு, காலையில சொல்றேன். வாப்பா வந்து லைட்டை அமத்திட்டாக.


உச்சிப்புளி ஓட்டம் · திங்கள் காலை 6:15

மாப்ள எந்திரிக்கிறதுக்குள்ள நான் சொல்லிடுறேன். செப் குஸ் கதை. 2023ல ஜம்போ விஸ்மா அணி. மே மாசம் ரோக்லிச் ஜீரோ ஜெயிச்சாரு, ஜூலையில விங்கேகோர் டூர் ஜெயிச்சாரு, ரெண்டுலயும் மலையில காத்தைத் தின்னது குஸ். வுவெல்ட்டாவுல ஒரு நாள் முன்னால தப்பிச்சுப் போன கூட்டத்துல குஸ் மாட்டி, ரெண்டு நாள் கழிச்சு அங்க முதலிடத்துக்கு உண்டான சிவப்பு பனியன் அவருக்கு வந்துருச்சு. யாரும் பெருசா எடுத்துக்கலை. நாள் போகப் போகப் பனியன் கழறவே இல்ல. அங்லீரூ ஏத்தத்துல, ஆடு ஏற யோசிக்கிற ஏத்தம் அது, ரோக்லிச்சும் விங்கேகோரும் குஸை விட்டுட்டுப் போயிட்டாங்க. சொந்த அணியோட வேலைக்காரனை, அவன் முதலிடத்துல இருக்கிறப்ப. அன்னைக்கு சாயங்காலம் குஸ் கையில மிச்சம் இருந்தது 8 செகண்ட். ஊரே கொதிச்சுப் போச்சு. மறுநாள்ல இருந்து ரெண்டு பேரும் அடங்கி குஸுக்கு உழைச்சாங்க. கடைசியில குஸ் முதல், 17 செகண்ட்ல விங்கேகோர் ரெண்டாவது, ரோக்லிச் மூணாவது. மூணு படியிலயும் ஒரே பனியன்.

இதை ரெண்டு கட்சியும் எடுத்துக்குவீங்கன்னு தெரியும். நான் சொல்ல வந்தது வேற. அங்லீரூவுக்குப் போறதுக்கு முன்னாடி யாரு தலைவர்னு அந்த அணி வெளிப்படையாச் சொல்லலை. "ரோடு முடிவு பண்ணட்டும்"னு விட்டாங்க. டீக்கடையில நாமளும் ஒண்ணைப் பேசுனோம், ஒண்ணைப் பேசலை. அண்ணனுக்குன்னு பேசுனோம். அண்ணன் பின்னால மாட்டிக்கிட்டா என்னன்னு யாராவது கேட்டோமா? கச்சான் அடிக்கிற மாசம், தனுஷ்கோடி ரோடு. கேட்டிருக்க வேணாமா?

இத்தாலி சியன்னாவுல அதே 2023ல பெண்கள் பந்தயம், வொல்லரிங்கும் கொபெக்கியும் ஒரே அணி. கோட்டுக்கிட்ட ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் இடிக்காத குறையாப் பாஞ்சாங்க. யாரு ஜெயிச்சதுன்னு போட்டோ வச்சுத்தான் சொன்னாங்க, வொல்லரிங். முகத்துல சந்தோஷம் ரெண்டு பேருக்கும் இல்ல. ஆனா கோப்பை வெளிய போகலை. நமக்குக் கோப்பை தொண்டிக்குப் போச்சு, முகத்துலயும் சந்தோஷம் இல்ல.


பைக்ல வந்தவன் · 7:02

ராத்திரி தூக்கம் இல்ல. சொல்லிடுறேன். அரை நிமிஷம் இல்ல. போனைப் பார்த்துத்தான் கணக்கு எடுத்தேன், 1 நிமிஷம் 50 செகண்ட் இருந்துச்சு. அண்ணன்கிட்டப் போயி அதைச் சொன்னேன். அண்ணன்தான், "அரை நிமிஷம்னு சொல்லு, இல்லாட்டி அவன் நிக்கமாட்டான்"னு சொன்னாக. நான் பெரியவுக சொன்னதைச் செஞ்சேன். இனிமே பைக் எடுத்துட்டு வர வேற ஆளைப் பாருங்க.


மண்டபம் மாப்ள · 7:10

1985. அப்படியே 1985. லெமாண்டுக்குச் செஞ்சதையே செஞ்சிருக்கீங்க. காக்கா, இப்பச் சொல்லுங்க.


கீழக்கரை காக்கா · 7:34

சொல்றதுக்கு என்ன இருக்கு. நிக்கச் சொன்னது தப்பில்ல, இப்பவும் அதைத்தான் சொல்வேன். பொய்க் கணக்கு சொன்னது தப்பு. உண்மையான நேரத்தைச் சொல்லி "எனக்காக நில்லு"ன்னு கேட்டிருந்தா அந்தப் பையன் நின்னிருப்பான்னே நெனைக்கிறேன். கேக்கிறதுக்கு ஒரு தைரியம் வேணும். அண்ணன்கிட்ட அது அந்த நேரத்துல இல்ல.

என் பதிவை அழிக்கலை. இருக்கட்டும்.


கேப்டன் · 9:48

கடலுக்குப் போயிட்டு இப்பத்தான் கரைக்கு வந்தேன். எல்லாத்தையும் படிச்சேன். பைக்காரன் சொன்னது நிஜம். மணல்ல கால் ஊனினப்பவே எனக்குத் தெரியும், அவனைப் பிடிக்க முடியாதுன்னு. தண்ணி வாங்காதது கோவத்துல இல்ல. அவன் முகத்தைப் பார்க்க முடியலை.


தங்கச்சிமடம் · 10:20

அண்ணே, ரெண்டாவது பரிசுப் பணம் எங்கிட்ட இருக்கு. டூர்ல ஜெயிக்கிறவருக்கு அஞ்சு லட்சம் யூரோவாம், அதை அணிக்கே பிரிச்சுக் கொடுக்கிறது வழக்கம்னு காக்கா முன்ன ஒரு தடவை சொன்னாக. நம்ம பணத்தை நாலா பிரிக்கணுமா, மூணா பிரிக்கணுமா?


கேப்டன் · 10:22

நாலா. அதுக்கு முன்ன பைக்காரனுக்குப் பெட்ரோல் காசு எடுத்து வச்சிரு.


மண்டபம் மாப்ள · 10:25

விசென்டினிக்குப் பதில் இன்னும் பாக்கி இருக்கு காக்கா. சாயங்காலம் ஆன்லைன்ல இருங்க.